பாறையில் ஒரு பகா எண்

கண்ணமங்கலத்தில் 'பிலிப்ராஜ் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் பிலிப்ராஜ் கண்டுபிடித்ததிலேயே பெரிய பொருள் ஒரு டிராக்டர். அதுவும் திருடியவனின் மச்சான் வீட்டு வாசலில், ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தது. மற்றபடி அவருக்கு வருவதெல்லாம் கல்யாண விசாரணைதான். அவர் விசாரித்து 'தங்கமான பையன்' என்று சொன்ன மாப்பிள்ளை ஒருவனுக்கு ஏற்கெனவே ஆம்பூரில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த உண்மையைத் துப்பறிந்ததும் பிலிப்ராஜ்தான். என்ன, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும்போது துப்பறிந்தார்.

"பாயசத்தை முடிச்சுட்டுத்தான் எழுந்தாரு" என்று அதோடு சேர்த்துச் சொல்வது அவருடைய உதவியாளர் தேவயானியின் வழக்கம். படவேட்டுப் பெண். கணக்கில் பட்டம் வாங்கியவள். இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால், "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருந்தது இந்த ஆபீஸ்தான்" என்பாள்.

இப்போது ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அமிர்தி தாண்டி ஜவ்வாது மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி முனகியது. பின்னால் உட்கார்ந்திருந்த பிலிப்ராஜும் முனகினார்.

"கேஸை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

"நீங்க மறந்துட்டீங்களா, இல்ல பேச்சுத் துணைக்கா?"

"ரெண்டும்தான்."

தேவயானி சொன்னாள். புளியம்பாறை என்கிற மலைக்கிராமத்தில் சின்னக்குழந்தை என்று ஒரு பெண்மணி. பேர்தான் அப்படி. வயசு ஐம்பதுக்கு மேல். சொந்தமாகப் புளியந்தோப்பு, புளி வியாபாரம். அவருக்கு ஒரே தம்பி, வேடியப்பன். சின்ன வயசிலேயே கணக்குப் புலி என்று பேர் வாங்கி, வேலூரில் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து காணாமல் போய் முப்பது வருஷம் ஆகிறது. போன மாதம் ஒருவர் ஊருக்குள் வந்து, நான்தான் வேடியப்பன் என்று நின்றார். கன்னத்தில் பெரிய தழும்பு, முன்பல் கிடையாது. பழைய முகத்தோடு ஒப்பிட ஒரு போட்டோகூட அந்த வீட்டில் இல்லை.

"அந்தம்மா இன்னா சொல்றாங்க?"

"ஆமான்னும் சொல்லலியாம், இல்லன்னும் சொல்லலியாம். புளிக் கொட்டாயில படுக்க எடம் குடுத்து, மூணு வேளையும் சோறு போடறாங்களாம். அவ்ளோதான். நம்மளக் கூப்புட்டது அவங்க மருமகன் பாண்டுரங்கன். ஆரணிக்காரரு. தோப்புல குடில் கட்டி டூரிஸ்ட் ஆளுங்களை ஏத்தலாம்னு இருந்தாரு. தம்பின்னு ஒருத்தர் மொளைச்சதும் அவருக்குத் தூக்கம் போயிடுச்சு."

"ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணா ஒரு வாரத்துல முடிஞ்சுடுமே."

"அதையும் சொல்லிப் பாத்தாராம். 'உங்கப்பா யாருன்னு டெஸ்ட் எடுத்துகினுதான் எங்க வூட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தீங்களா மாப்ள'ன்னு மாமியார் கேட்டாங்களாம். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது."

பிலிப்ராஜுக்கு அந்த மாமியாரை நினைத்து இப்போதே பயமாக இருந்தது.

பாண்டுரங்கன் ஊர் எல்லையிலேயே காத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கார் சாவி. "அத்தைகிட்ட நீங்க புளி வாங்க வந்த வியாபாரின்னு சொல்லியிருக்கேன் சார். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. கேட்டா என் கதை முடிஞ்சுது" என்றார். பிறகு நேராகத் தோப்புக்குப் பின்னால் இருந்த பாறைக்குக் கூட்டிப்போனார்.

ஆள் உயரத்துக்கு மேல் இருந்த கரும்பாறை. பொங்கல் வைக்கிற இடம் என்பதால் உச்சியில் மஞ்சளும் குங்குமமும் பழசாகிக் கிடந்தன. பக்கவாட்டில் வெட்டிப் போட்டுக் காய்ந்த உண்ணிச்செடிப் புதர். அது மூடியிருந்த இடத்தில், உளியால் செதுக்கிய எண்கள் வரிசையாக நின்றன.

1026753849

"இதான் சார் தொல்லை" என்றார் பாண்டுரங்கன். "வேடியப்பன் சின்னப் பையனா இருக்கும்போது எழுதுனது. இதை வெச்சுத்தான் ஊரே அவரை மேதைன்னு சொல்லுச்சு. பல வருஷமாப் புதர் மூடிக் கெடந்தது. இந்த ஆளு வந்த மறுநாளே கத்தியை எடுத்துகினு நேரா இங்க வந்து வெட்டுனாரு. ஒரு அடி இப்படி அப்படித் தேடல. அதைப் பாத்துட்டுத்தான் ஊர்ல பாதிப் பேரு நம்பிட்டாங்க."

பிலிப்ராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். இந்த மாதிரி நேரங்களில் மூளைக்குள் ஏதோ பளிச்சிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எதிர்பார்ப்பு. பளிச்சிட்டது.

"பத்து இலக்கம்" என்றார் மெதுவாக. "தேவயானி, இது போன் நம்பர்."

பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்று பாண்டுரங்கன் சொன்னார். பிலிப்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு முறை சறுக்கி, இரண்டாம் முறை ஏறி, எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். டயல் செய்த எண்ணைச் சரிபார்க்கும்படி ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் அவருக்கு அறிவுரை சொன்னது.

"சார், ஒண்ணுல ஆரம்பிக்கற செல் நம்பர் நம்ம நாட்டுல கெடையாது" என்றாள் தேவயானி கீழே நின்றபடி. "அதுவும் இது எழுதுன காலத்துல இந்த மலையில செல்லே கெடையாது."

"தெரியும். அதை உறுதி பண்ணிக்கத்தான் போட்டேன்."

அவர் இறங்குவதற்குள் அவள் பாறையில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு பாருங்க. பூஜ்யத்துலேர்ந்து ஒம்போது வரைக்கும் பத்து எண்ணும் இருக்குது. எல்லாம் ஒரே ஒரு தடவை. எதுவும் விட்டுப் போகல, எதுவும் ரெண்டாந்தடவை வரல. கூட்டுனா நாப்பத்தஞ்சு. அப்போ ஒம்பதால மீதி இல்லாம வகுபடும்."

"அது எப்படி, பாத்த உடனே?"

"அஞ்சாங்கிளாஸ் கணக்கு சார். இலக்கத்தையெல்லாம் கூட்டி, வர்றது ஒம்பதால வகுபட்டா நம்பரும் வகுபடும்."

பிலிப்ராஜ் ஐந்தாம் வகுப்பை நினைத்துப் பார்த்தார். அந்த வருஷம் அவருக்கு அம்மை போட்டிருந்தது என்று வைத்துக்கொண்டார்.

தேவயானி போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் விரல் நின்றது. "சார், இதுக்கு மூலம் இருக்குது."

"எனக்கா?" என்று திடுக்கிட்டுத் திரும்பினார் பிலிப்ராஜ். ஸ்கூட்டரை விட்டு இறங்கியதிலிருந்து தன் நடை சரியில்லை என்பது அவருக்கே தெரியும்.

"உங்களுக்கு இருக்கறது உங்க டாக்டருக்குத் தெரிஞ்சாப் போதும். நான் நம்பரைச் சொல்றேன். வர்க்கமூலம். முப்பத்திரண்டாயிரத்து நாப்பத்தி மூணை அதாலயே பெருக்குனா அச்சு அசலா இந்த நம்பர் வருது. புள்ளி, பின்னம் ஒண்ணும் இல்ல. முழு வர்க்கம். பத்து எண்ணையும் ஒரு தடவை போட்டு, அது முழு வர்க்கமாவும் இருக்கணும்னா ரொம்ப அபூர்வம். இதை ஒருத்தர் கால்குலேட்டர் இல்லாம இந்தக் காட்டுல உக்காந்து கண்டுபுடிச்சிருக்காரு." அவள் குரலில் கேலி காணாமல் போயிருந்தது. "நெஜமாவே மூளைதான் சார்."

பாண்டுரங்கனின் முகம் வாடியது. மேதை என்பது உறுதியாவது அவர் எதிர்பார்த்த சேதி அல்ல.

"இந்த ஏழைப் பாருங்க" என்றாள் தேவயானி. "இடுப்புல ஒரு கோடு. வர்ற வழியில புளிக் கொட்டாய்ச் சுவத்துல வியாபாரத்துக்குப் போன் நம்பர் எழுதியிருந்தாங்களே, அதுலயும் ஏழுக்கு இதே மாதிரி இடுப்புக் கோடு."

"குடும்பக் கையெழுத்து" என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிட்டார் பிலிப்ராஜ். ஏனென்றால் அவருக்குள் இரண்டாவது முறையாகப் பளிச்சிட்டிருந்தது. ஒரே நாளில் இரண்டு முறை அவருக்கு இதுவரை பளிச்சிட்டதில்லை. "பாறை எங்க இருக்குதுன்னு எவன் வேணா ஊர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். ஆனா பாறையில இருக்கறது இன்னா மாதிரி நம்பருன்னு, அதைக் கண்டுபுடிச்சவனுக்குத்தான் தெரியும். அதைக் கேக்கறோம்."

தேவயானி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இது நல்ல யோசனைதான் சார். உங்களுக்கு ஒடம்பு ஒண்ணும் இல்லியே?"

கொட்டாய்க்கு நடக்கும்போது, மானம் போகாமல் இருக்க, பாண்டுரங்கனை முன்னால் விட்டுவிட்டுப் பிலிப்ராஜ் தாழ்ந்த குரலில் பாடம் கேட்டுக்கொண்டார்.

"பகா எண்ணுன்னா?"

"ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாதது. யாரையும் கிட்ட சேத்துக்காத நம்பர். அப்படி இல்லாதது பகு எண். முழு வர்க்கம் எதுவும் பகா எண்ணா இருக்கவே முடியாது. அதான் மூலத்தால வகுபடுதே."

"அப்போ என்னை மாதிரி ஆளு?"

"நீங்க பகு எண் சார். யாரு வேணா வகுக்கலாம்."

கொட்டாய்க்குள் புளியம்பழம் மலையாகக் குவிந்திருந்தது. அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தடியால் தட்டி ஓடு நீக்கிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். தழும்பு கன்னத்திலிருந்து காது வரைக்கும் இழுத்திருந்தது. சூரத்தில் சாயப் பட்டறையில் கொஞ்ச காலம், பிறகு ஓட்டலில் சமையல் என்று தன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். தழும்பு கொதிக்கிற எண்ணெய் கொடுத்தது. புளி வியாபாரிக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது சந்தேகத்துக்குரியது என்று பிலிப்ராஜ் மனசுக்குள் குறித்துக்கொண்டார். கேட்டிருந்தாலும் அப்படித்தான் குறித்திருப்பார்.

"அந்தப் பாறையில ஒரு நம்பர் பாத்தேங்க" என்று ஆரம்பித்தார். "நீங்க எழுதுனதாமே?"

தடி ஒரு தட்டு தவறியது. "என் பேர்லதான் இருக்குது."

"பெரிய நம்பரு. எனக்குக் கணக்கு ஆசை உண்டுங்க." தேவயானி இருமினாள். அவர் கண்டுகொள்ளவில்லை. "அது இன்னா வகை நம்பருங்க?"

அந்த மனிதர் தடியைக் கீழே வைத்தார். முதுகு நிமிர்ந்தது. முன்பல் இல்லாத வாயில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது.

"அது பகா எண் சார்."

பிலிப்ராஜ் ஒரு அடி முன்னால் நகர்ந்தார். "நிச்சயமாங்களா?"

"எதாலயும் வகுபடாது. சாமியே எறங்கி வந்தாலும் வகுக்க முடியாது. அதான் அதோட பெருமை."

"நீங்க வகுத்துப் பாத்தீங்களா?"

"வகுபடாதுன்னு தெரிஞ்சப்புறம் இன்னாத்துக்கு சார் வகுக்கணும்?"

வெளியே வந்ததும் பிலிப்ராஜ் பாண்டுரங்கனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "டூப்ளிகேட். பக்கா டூப்ளிகேட். அந்த நம்பரைக் கண்டுபுடிச்ச மூளைக்கு அது முழு வர்க்கம்னு தெரியாம இருக்குமா? பெத்தவளுக்குப் புள்ள ஆணா பொண்ணான்னு தெரியாத கதையா இல்ல இருக்குது?"

பாண்டுரங்கன் கண்ணில் தண்ணீர் விட்டார். தேவயானி மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணு இடிக்குது சார். ஆள் மாறாட்டம் பண்ண வர்றவன் படிச்சுட்டு வருவான். இந்த வூட்டுல பெரிய கேள்வியே அந்த நம்பருதான்னு தெரிஞ்சுகினு, யாரையாவது புடிச்சு விவரம் கேட்டுகினு வந்திருப்பான். படிக்காம பரீட்சைக்கு வர்றவன் ஒரிஜினலாத்தான் இருப்பான்."

"நீ பரீட்சை எழுதியே பழகுனவ. நான் ஆளுங்களைப் படிக்கறவன்" என்றார் பிலிப்ராஜ். அந்த வாக்கியத்தைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சூடாகும்.

ரகசியமாக முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் எல்லாரையும் ஒரு இடத்தில் நிறுத்தி, நடுவில் நின்று, குற்றவாளியைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்கிற ஆசை பிலிப்ராஜுக்குப் பலகை மாட்டிய நாளிலிருந்து உண்டு. டிராக்டர் விஷயத்தில் அதற்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. சாட்சி கையில் இருக்கும்போது பயம் எதற்கு என்று பாண்டுரங்கனும் துணிந்துவிட்டார்.

களத்தில் சின்னக்குழந்தை மினி லாரிக்குப் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல உயரம். தலையில் துண்டு. மூட்டை தூக்கும் ஆட்களைவிட அவர் குரலுக்குத்தான் லாரி அதிகம் பயந்தது போலிருந்தது. பிலிப்ராஜைப் பார்த்ததும், "வாங்க. புளி வாங்க வந்தவரு காலையிலேர்ந்து புளியைத் தொட்டே பாக்கலியே. பாறையைத்தான் தொட்டுப் பாத்தாராம். நீங்க யாருங்க?" என்றார்.

பிலிப்ராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இப்போது சபை கூடிவிட்டது: மாமியார், மருமகன், கொட்டாயிலிருந்து அழைத்து வந்த அந்த மனிதர், தேவயானி. சிந்திய புளியங்கொட்டையைக் கிளறியபடி ஒரு கோழியும் இருந்தது.

"அம்மா, நான் துப்பறிவாளர் பிலிப்ராஜ். உங்க நல்லதுக்காக வந்தேன். உங்க தம்பி வேடியப்பன் ஒரு மேதை. பாறையில அவரு எழுதுன நம்பர் சாதாரண நம்பர் இல்ல. பத்து எண்ணும் ஒரு தடவை மட்டும் வர்ற முழு வர்க்கம். ஒம்பதால வகுபடும். இன்னும் எத்தனையோ எண்ணால வகுபடும்." எத்தனை என்று தெரியாததால் கையை வீசி அந்த இடத்தைக் கடந்தார். "ஆனா இவரு, உங்க தம்பின்னு சொல்லிகினு உங்க சோத்தைச் சாப்புடற இவரு, அதை இன்னான்னு சொன்னாரு தெரியுங்களா? பகா எண்ணாம். நான் கேட்டேன், என் உதவியாளரும் சாட்சி. தான் பெத்த நம்பரைத் தனக்கே தெரியாத மேதை ஒலகத்துல உண்டுங்களா? இவரு உங்க தம்பி இல்லம்மா."

விரலை நீட்டினார். நீட்டிய விதம் நன்றாகவே இருந்தது என்று பிறகு தேவயானியே ஒப்புக்கொண்டாள்.

சின்னக்குழந்தை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னான்னு சொன்னான்?"

"பகா எண்ணுன்னு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பகா எண்ணுன்னு சொன்னாரும்மா."

சின்னக்குழந்தை பக்கத்திலிருந்த மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தார். அந்த மனிதரைப் பார்த்தார்.

"அதை உனக்கு யாருடா சொன்னது?"

"இன்னா யக்கா, நீதான சொன்ன. நான் ஹாஸ்டலுக்குப் பொட்டி கட்டும்போது. எவனாவது கேட்டா பகா எண்ணுன்னு சொல்லு, மேல ஒண்ணும் பேசாதன்னு."

"வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"யாரு கேட்டாங்க?"

"காலேஜுல?"

"காலேஜுல அவங்க கேட்ட எதுக்குமே நான் பதில் சொல்லல யக்கா."

சின்னக்குழந்தை சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். எடுக்கும்போது துண்டு நனைந்திருந்தது.

பிலிப்ராஜின் விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. தேவயானி அதைப் பிடித்து மெல்ல மடக்கி வைத்தாள்.

"சார்" என்றார் சின்னக்குழந்தை. "அந்த நம்பரை எழுதுனது நான்."

கோழி ஒன்றுதான் வேலையை நிறுத்தவில்லை.

"எட்டாவதோட என்னை நிறுத்திட்டாங்க. சாமைக் கொல்லையில கிளி ஓட்டற வேலை. நாளெல்லாம் பரண்மேல ஒக்காந்துகினு இன்னா பண்றது? பத்து எண்ணும் ஒரே தடவை வர்ற மாதிரி ஒரு வர்க்கம் இருக்குமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு யோசிச்சேன். பத்து எண்ணையும் வெச்சு எழுதற சின்ன நம்பரோட மூலம் முப்பத்திரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ வருது. எண்ணெல்லாம் கூட்டுனா நாப்பத்தஞ்சு. அதனால மூலம் மூணால வகுபட்டாத்தான் ஆவும். அப்போ மூணு மூணாத் தாவிப் போனாப் போதும். கரித்துண்டை வெச்சுகினு போட்டுகினே வந்தேன். கிளி பாதிக் கொல்லையைத் தின்னுட்டுது. ஆனா நம்பர் கெடைச்சுடுச்சு. அந்தச் சந்தோஷத்துல, கரி அழிஞ்சுடுமேன்னு உளியை எடுத்து சாமிப் பாறையில அடிச்சுட்டேன்."

"சாமிப் பாறையில கை வெச்சவங்க யாருன்னு ஊரே கூடிடுச்சு" என்று வேடியப்பன் தொடர்ந்தார். அவர் குரல் இப்போது பையன் குரலாக இறங்கியிருந்தது. "அப்பா புளிய வெளாரை எடுத்துகினு வந்தாரு. அக்காவுக்கு அப்பத்தான் மாப்ள பாத்துகினு இருந்தாங்க. அடி வாங்குனா வாங்கிட்டுப் போறோம்னு, நான்தான் எழுதுனேன்னு சொல்லிட்டேன்."

"நான் வேணான்னு சொல்ல வாயைத் தொறக்கறேன், அதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த வாத்தியாரு ஓடியாந்து பாறையைப் பாத்துட்டு இவனைக் கட்டிப் புடிச்சுகினாரு" என்றார் அக்கா. "இங்கிலீசுல என்னென்னவோ சொன்னாரு. அப்பா வெளாரைக் கீழ போட்டுட்டாரு. அடி வாங்கப் போனவனைத் தோள்மேல தூக்கிகினு ஊரைச் சுத்துனாங்க. ஹாஸ்டல், காலேஜு, எல்லாம் இவனுக்கு. நான் மறுபடியும் கிளி ஓட்டப் போனேன்."

"எனக்கு வாய்ப்பாடே ஏழுக்கு மேல வராது சார்" என்றார் வேடியப்பன் பிலிப்ராஜிடம், ஒரு கஷ்டத்தை இன்னொரு கஷ்டக்காரனிடம் சொல்லுகிற நெருக்கத்தோடு. "இந்த நம்பரை நம்பி என்னைக் கணக்குப் பாடத்துல சேத்துட்டாங்க. எல்லாப் பேப்பரும் போச்சு. ஊருக்கு வந்தா அக்கா மாட்டிக்கும். அதான் ரயிலேறிட்டேன்."

"ஆனா பகா எண்ணுன்னு தப்பாச் சொல்லிக் குடுத்தீங்களே, அது ஏங்க?" என்று கேட்டாள் தேவயானி.

"வேணும்னுதான்" என்றார் சின்னக்குழந்தை கொஞ்சமும் வருத்தமில்லாமல். "என் நம்பரைத் தூக்கிகினு போறான். எங்கயாவது வாயைத் தொறந்து மாட்டிக்கட்டும்னு சொன்னேன். இவன் ஒருத்தன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்த நம்பரைப் பகா எண்ணுன்னு நம்பறதுக்கு இந்த ஒலகத்துல இவனை விட்டா ஆளு கெடையாது."

பாண்டுரங்கன் பலவீனமான குரலில், "அப்போ நீங்களே முதல்லயே கேட்டிருக்கலாமே அத்தை?" என்றார்.

சின்னக்குழந்தை துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒரு மாசமா நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு மாப்ள. கேட்டு, முழு வர்க்கம்னு சரியான பதிலைச் சொல்லிட்டான்னா?"

பிலிப்ராஜ் தன் நிலைமையைக் கணக்கெடுத்துக்கொண்டார். பொய்யன் என்று நிரூபிக்க வந்து, நிஜம் என்று நிரூபித்தாயிற்று. அதுவும் ஊரறியச் சத்தமாக, விரலை நீட்டி. வாழ்க்கையில் அவர் இவ்வளவு கச்சிதமாக எதையும் நிரூபித்ததில்லை.

"சார், நீங்க யாரு பக்கம்?" என்று காதோரம் கேட்டார் பாண்டுரங்கன்.

"உண்மை பக்கம்" என்றார் பிலிப்ராஜ், வேறு பக்கம் எதுவும் மிச்சமில்லாததால்.

வேடியப்பன் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷத்துக்கு நடுவே வேறு ஏதோ கலங்கியது. "அப்போ அது பகா எண் இல்லியா யக்கா?"

"இல்லடா."

"எதாலயும் வகுபடாதுன்னு நெனச்சுகினு இருந்தேன். எண்ணெய் ஊத்தி ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட, ஒடைக்கவே முடியாத ஒண்ணு ஊர்ல என் பேர்ல இருக்குதுன்னு நெனச்சுப்பேன்."

"மூணால போவும். பதினொண்ணால போவும். தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணாலயும் போவும். எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை."

"சும்மா இரு யக்கா."

சின்னக்குழந்தை எழுந்து வந்து அவர் எதிரே நின்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தழும்பு இருந்த கன்னத்தில் கையை வைத்தார். ஒரு நொடிதான். பிறகு அதே கையால் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அது அப்பா வைக்காமல் விட்ட அடியாக இருக்கலாம்.

"இன்னொண்ணு இருக்குதுடா" என்றார். "பாறையில இருக்கறது சின்னது. பத்து எண்ணும் ஒரு தடவை வர்ற வர்க்கத்துலயே பெருசு எதுன்னு அப்புறம் தேடுனேன். ரொம்ப நாளாச்சு. பொண்ணு பொறந்து தொட்டில்ல கெடக்கும்போது கெடைச்சுது. யாருகிட்டயும் சொல்லல. பொய் சொல்லக்கூட ஒரு ஆளு இல்ல." பிலிப்ராஜ் பக்கம் திரும்பினார். "தொண்ணூத்தொம்பதாயிரத்து அறுபத்தாறு. அதை அதாலயே பெருக்குங்க. போன்ல வேணாம். கையால."

பிலிப்ராஜ் மறுக்கத் துணியவில்லை. மூட்டைக்குக் குறி போட வைத்திருந்த கரித்துண்டால் மூட்டைமேலேயே பெருக்கினார். வியர்வை சொட்டச் சொட்ட வரிசை வரிசையாகக் கூட்டி, கடைசியில் ஒரு விடையைக் காட்டினார். அதில் ஏழு இரண்டு தடவை வந்திருந்தது, ஒன்று என்கிற எண்ணைக் காணோம்.

"ஒண்ணைத் தேடிக் கண்டுபுடிங்க சார்" என்றாள் தேவயானி. "நம்ம தொழிலே அதுதான்."

சின்னக்குழந்தை மூட்டையைப் பார்த்துவிட்டுக் கரியை வாங்கிக்கொண்டார். தப்பான விடையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, கூட்டல் எதுவும் போடாமல், பத்து எண்ணையும் நேராக எழுதினார். ஏழு வந்தபோது இடுப்பில் ஒரு கோடு இழுத்தார். வேடியப்பன் எட்டிப் பார்த்தார். பிறகு கொட்டாய்க்குள் போய் ஒரு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாறையில இதுக்குப் பக்கத்துலயே எடம் இருக்குது. நான் அடிக்கறேன். நீ சொல்லு" என்றார். நாலு அடி நடந்தவர் திரும்பி நின்றார். "எவனாவது வந்து இது இன்னா நம்பருன்னு கேட்டா, இந்தத் தடவை இன்னான்னு சொல்லணும்?"

சின்னக்குழந்தை தலைத்துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். என்னைக் கூப்புடு."